காட்டன் சேலை, கார்த்திகைக் குளிர், இரண்டு மாடல்கள்

பொள்ளாச்சியில் நெகமம் காட்டன் சேலை விற்கும் நண்பர் ஒருவர் பொங்கல் விற்பனைக்குப் படங்கள் கேட்டார். பின்னால் தேயிலையும் மூடுபனியும் இருக்க வேண்டும், சேலையின் நிறம் கையில் வாங்கிப் பார்க்கும்போது இருப்பதுபோலவே வர வேண்டும், கட்டியிருப்பவர் குளிரில் விறைத்து நிற்பதாகத் தெரியக் கூடாது. கேட்பது சுலபம். கார்த்திகையில் குன்னூரில் வடகிழக்குப் பருவமழை இன்னும் விட்டிருக்காது, மூடுபனிக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் மேகம் தரைக்கு இறங்கி வரும் நேரத்தில் பருத்திச் சேலையோடு அசையாமல் நிற்கும் உடம்பு என்ன பாடுபடும் என்பது கீழே இருப்பவர்களுக்குச் சட்டென்று தோன்றாது.

எனக்குச் சோறு போடுவது கல்யாணப் போட்டோ வேலை. அங்கே மணப்பெண்ணுக்கு நாம் எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது மாலை, இப்போது தாலி என்று சடங்கே அவரை நடத்திக்கொண்டு போகும், நாம் பக்கத்தில் ஓடினால் போதும். மாடலுக்கு அப்படி ஒரு பிடிமானமும் கிடையாது. எதிரே ஒரு லென்ஸ், அதற்குப் பின்னால் முகம் தெரியாத ஒரு ஆள், அவ்வளவுதான். அந்த ஆள் என்ன சொல்கிறான், எப்படிச் சொல்கிறான் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

மாடல்கள் இரண்டு பேர். ஒருவர் கோவையில் கல்லூரியில் படிக்கும் பெண். ஃபேஷன் ஷோக்களில் நடந்த அனுபவம் உண்டு, இன்ஸ்டாகிராமில் நிறையப் படம் போடுபவர். இன்னொருவர் கேத்திப் பக்கம் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர், அறுபதைத் தாண்டியவர். கேமரா முன்னால் நிற்பது அவருக்கு வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை. அவரைக் கூப்பிடச் சொன்னது என் மனைவி. அந்தச் சேலைகளை உண்மையில் வாங்கிக் கட்டப்போகிறவர்கள் அந்த வயதுக்காரர்கள் என்றாள். நண்பர் முதலில் இழுத்தார், அப்புறம் சரி என்றார்.

இடத்துக்கு வருகிறேன். குன்னூர் என்றதும் எல்லோரும் சொல்வது சிம்ஸ் பார்க், டால்பின் நோஸ், லேம்ஸ் ராக். மூன்றுமே இந்த வேலைக்கு வேண்டாம் என்பது என் கட்சி. அனுமதி வாங்க வேண்டும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். சுற்றுலா வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்து, பக்கத்திலேயே செல்ஃபி எடுக்கும் இடத்தில் புதிதாக நிற்பவர் யாராலும் தோளைத் தளர்த்த முடியாது. கோத்தகிரி ரோட்டில் தெரிந்தவர் ஒருவருக்குச் சின்னத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது, தோட்டத்தை ஒட்டியே வீடு. இடம் பார்க்கப் போனபோது நான் முதலில் சோதித்தது பாத்ரூம் தாழ்ப்பாள். அடுத்தது உடை மாற்ற ஒரு அறை, அதில் பூட்டு, ஆளுயரக் கண்ணாடி, அயர்ன் பாக்ஸுக்கு பிளக். வெளிச்சம் எந்தப் பக்கம் வருகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். காருக்குள் துண்டை மறைத்துக்கொண்டு சேலை மாற்றிய ஒருவர் ஐந்து நிமிடத்தில் சிரித்துக்கொண்டு நிற்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

தோட்டக்காரரிடம் கேட்க வேண்டியவையும் சில உண்டு. எந்த வரிசைக்குச் சமீபத்தில் மருந்து அடித்தார்கள், எந்த வரிசையில் நாளைக்குக் கொழுந்து பறிக்கப்போகிறார்கள், காட்டெருமை எந்த நேரத்தில் இறங்கும். கடைசிக் கேள்வியைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். குன்னூரிலும் கோத்தகிரியிலும் தேயிலைக்குள் காட்டெருமை நிற்பது தினசரி நடப்பு. விடிந்த உடனேயும் வெயில் சாய்ந்த பிறகும் தோட்டத்துக்குள் போக வேண்டாம் என்றார் அவர். அதன்படியே நேரத்தைப் பிரித்தேன். மழை ஈரத்தில் அட்டை வேறு இருக்கும். ஒரு சின்னத் துணியில் உப்பை முடிந்து பையில் வைத்துக்கொண்டேன்.

கல்லூரிப் பெண்ணிடம் முன்னாலேயே போனில் விவரமாகப் பேசினேன். தோட்டத்தின் படம், அந்த அறையின் படம், சேலைகளின் படம், ஒவ்வொன்றுக்கும் எந்த ஜாக்கெட், அதன் கழுத்து எவ்வளவு இறக்கம், என்ன சம்பளம், எப்போது கைக்கு வரும், படங்கள் எங்கெங்கே போகும் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். “தங்கச்சியைக் கூட்டிட்டு வரலாமாண்ணா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். “கட்டாயம் கூட்டிட்டு வாங்கம்மா, அவங்களுக்கும் சேர்த்துத்தான் சாப்பாடு சொல்லியிருக்கேன்” என்றேன். துணைக்கு ஆள் வருவதை வேண்டாம் என்று சொல்லும் போட்டோகிராபரிடம் எந்தப் பெண்ணும் போகாமல் இருப்பது நல்லது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கோவை வண்டி என்பதால் இ-பாஸ் எடுக்கச் சொன்னேன். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது இல்லாமல் ஆகாது. முந்தின நாள் மாலையே வந்து தங்கிவிடச் சொன்னதற்கு வேறு காரணம். மேட்டுப்பாளையம் ரோட்டின் கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிவிட்டு வந்து இறங்கும் முகத்தில் ஒரு பச்சை ஓடியிருக்கும். எந்த மேக்கப்பும் அதை மறைக்காது. தலைசுற்றல் தெளியாதவரை நிமிர்ந்து நில் என்று சொல்வதும் பாவம்.

பச்சை என்றதும் இன்னொரு பச்சை ஞாபகத்துக்கு வருகிறது. தேயிலைச் செடியை இடுப்பு உயரத்துக்கு மட்டமாகக் கவாத்துப் பண்ணி வைத்திருப்பார்கள். அதன் நடுவே ஒருவரை நிறுத்தினால் மேலே வானத்திலிருந்து வெள்ளை வெளிச்சம், கீழே இலைகளிலிருந்து பச்சை வெளிச்சம். தாடைக்கு அடியிலும் மூக்கின் கீழேயும் கைகளின் உள்பக்கத்திலும் அந்தப் பச்சை போய் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, கேமராவில் பளிச்சென்று தெரியும். வீட்டுக்கு வந்து, படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் பச்சைக்கு எதிரான மெஜென்டா பக்கம் நிறத்தைத் தள்ளினால் தாடை சரியாகும், ஆனால் சேலை நிறம் மாறிவிடும். சேலை விற்கும் படத்தில் அது உதவாது. அதனால் அங்கேயே தீர்த்தாக வேண்டும். பீரோவிலிருந்து சலவை வேட்டி ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். மாடலுக்கு முன்னால், ஃபிரேமுக்கு வெளியே, செடிகளின் மேல் அதை இரட்டையாக மடித்து விரித்தோம். அடியிலிருந்து வந்த பச்சை நின்று வெள்ளை ஏறியது, கண்ணுக்குக் கீழே இருந்த இருட்டும் குறைந்தது. வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வட்டமான ரிஃப்ளெக்டர் என்னிடம் இருக்கிறது. மலைக்காற்றில் அதைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், அப்படியும் அது படபடவென்று அடித்து எதிரே நிற்பவரை மிரட்டும். வேட்டி பேசாமல் கிடக்கும்.

சேலைப் படத்துக்கு லென்ஸை 1.8 என்று அகலத் திறப்பதெல்லாம் வேண்டாம், முகம் தெளிந்து மற்றது மங்கிவிடும். கரையும் முந்தானையும் தெளிவாகத் தெரிய திறப்பு எஃப் 4இலிருந்து 5.6 வரை, காற்றில் ஆடும் துணி கலங்காமல் இருக்க ஷட்டர் 1/500 நொடி, ஒளியுணர்வு (ஐஎஸ்ஓ) 400 முதல் 800. மூடுபனியின் வெள்ளையைப் பார்த்து கேமராவின் வெளிச்ச மீட்டர் ஏமாந்து படத்தை இருட்டாக்கும் என்பதால், ஒரு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை முகத்தில் வைத்து எடுத்தேன். ஒவ்வொரு சேலைக்கும் முதல் படம், பின்னால் நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் நிற அட்டையோடு (கிரே கார்டு). லென்ஸ் 85 எம்எம். மூன்று மீட்டர் தள்ளி நிற்கலாம், மாடலின் மூச்சுக் காற்றுக்குள் போய் நிற்க வேண்டாம். செடி வரிசை குறுகலாகி முதுகு முட்டும் இடத்தில் மட்டும், பக்கத்தில் நின்றே எடுக்க 50 எம்எம்.

சரிவில் நிற்பது தனிப் பிரச்சினை. நான் பள்ளத்தில் நின்று மேலே பார்த்து எடுத்தால் தாடைதான் தெரியும். மேட்டிலிருந்து எடுத்தால் கொசுவம் குட்டையாகி ஆள் குள்ளமாகிவிடுவார். ஆகவே இருவரும் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் நிற்கும்படி இடம் தேடினேன். முழு உயரப் படத்துக்குக் கேமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்கினேன். மாடலின் பள்ளப் பக்கத்துக் காலுக்கு அடியில் ஒரு பலகை, பலகையின் மேல் சாக்கு. பலகை இல்லாவிட்டால் இடுப்பு ஒரு பக்கம் சாயும், கொஞ்ச நேரத்தில் முழங்கால் வலிக்கும், வலி முகத்துக்கு வந்துவிடும். சாக்கு இல்லாவிட்டால் செம்மண் சேலைக் கரையில் ஏறும்.

சரிவில் ஒரு சௌகரியமும் உண்டு. எதிரே நிற்பவரிடம் இடது, வலது என்று சொன்னால் எப்போதும் குழப்பம்தான். யாருடைய இடது என்று அவர் ஒரு கணம் யோசிப்பார், அந்த யோசனை கண்ணில் தெரியும். இங்கே “மேட்டுப் பக்கம் பாருங்க”, “பள்ளப் பக்கத் தோளைக் கொஞ்சம் இறக்குங்க” என்று சொல்லிவிடலாம். யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

குளிரைப் பொறுத்தவரை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தாமதமாகத்தான் தெரியும். முதலில் ஏறுவது தோள். காதை நோக்கி மெல்ல மெல்ல ஏறும், கழுத்து குறுகும். நிற்பவருக்கே அது தெரியாது. அடுத்து விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டும். மூக்குச் சிவப்பதும் கண்ணில் நீர் கோர்ப்பதும் அதற்கும் பிறகு. தோள் ஏறத் தொடங்கியதுமே நிறுத்திவிட வேண்டும். சேலைக்குள்ளே கம்பளிக் காலுறையும் லெகின்ஸும் போடச் சொல்லியிருந்தேன். மேலே கம்பளி சால்வை, கடைசி நொடியில்தான் அதை உருவுவது. சில நிமிடம் எடுத்ததும் மறுபடி போர்த்திவிடுவது. இரண்டு மாடல் வைத்ததில் இன்னொரு லாபம் இதுதான், ஒருவர் நிற்கும்போது மற்றவர் அடுப்படியில் சுக்குக் காப்பியோடு உட்கார்ந்திருப்பார். வர்க்கியும் வாங்கி வைத்திருந்தேன். ஊட்டி வர்க்கியைச் சேலை கட்டிக்கொண்டு சாப்பிட்டால் கொசுவம் முழுக்கத் தூள் விழும் என்பதால், மடியில் துண்டு விரித்துக்கொண்டவர்களுக்கு மட்டும் என்று என் மனைவி சட்டம் போட்டாள். கேமராவை மட்டும் அடுப்படிக்குள் கொண்டுபோகவில்லை. குளிர்ந்த லென்ஸில் உள்ளே இருக்கும் ஆவி படிந்தால் துடைத்து மாளாது. அது திண்ணையிலேயே இருந்தது.

சேலைக்கும் இந்த ஈரம் ஆகாது. கஞ்சி போட்ட காட்டன் சேலை மூடுபனியில் கொஞ்ச நேரம் நின்றாலே விறைப்புப் போய்த் தொய்ந்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் அயர்ன் பாக்ஸ் வேலை பார்த்தது. முந்தானை பறக்காமல் இருக்க, நாணயம் முடிந்த கைக்குட்டையை உள்பக்கமாக ஊக்குக் குத்தி வைத்தோம். சேலையைத் திருத்துவது, ஊக்குப் போடுவது, முடியை ஒதுக்குவது எல்லாம் என் மனைவி. நான் தொடுவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவேன்: “என்ன மாத்தணும்னாலும் வாயாலதான் சொல்வேன், இல்லைன்னா நானே நின்னு காட்டுவேன்.” நாற்பத்தைந்து வயதுத் தொப்பைக்காரன் முந்தானையைப் பிடிப்பதாக நடித்து, இடுப்பை ஒடித்து நின்று காட்டினால் பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அந்தச் சிரிப்பும் எனக்கு வேண்டியதுதான்.

கல்லூரிப் பெண்ணுக்குப் போஸ் தெரியாது என்று சொல்ல முடியாது, அளவுக்கு மேலேயே தெரியும். இடுப்பில் கை, கன்னத்தில் விரல், தோளுக்கு மேலே திரும்பிப் பார்ப்பது. கிளிக் சத்தம் கேட்டதும் அடுத்த போஸுக்குத் தானாகவே மாறிவிடுகிறார். இடுப்பில் கை வைத்தால் கொசுவமும் கரையும் மறைந்துபோகும். ஆனால் “அது வேண்டாம்” என்று தொடங்கினால் தெரிந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் அவர் போஸ்களை எல்லாம் முதலில் ஒழுங்காக எடுத்துக் கொடுத்தேன். பொய்யாக கிளிக் அடிக்கவில்லை. அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டுக்கொள்ள நல்ல படங்களாகவே எடுத்தேன். கையிலிருந்த போஸெல்லாம் தீர்ந்ததும் “அடுத்து என்னண்ணா?” என்றார். அந்தக் கேள்வி வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் வேலை கொடுத்தேன். அந்த சில்வர் ஓக் மரத்திலிருந்து இங்கே வரை, பஸ் கிளம்பப் போகிற வேகத்தில் நடந்து வாங்க. பாதியில் தங்கச்சி கூப்பிடுவாள், திரும்பிப் பாருங்க. தங்கச்சி கூப்பிட்டது நான் சொல்லிக்கொடுத்த வார்த்தையில் இல்லை, வீட்டுச் செல்லப்பெயரில். திரும்பிய முகத்தில் கோபமும் சிரிப்பும் சேர்ந்து இருந்தது. மாம்பழ மஞ்சள் சேலைக்கு அந்தப் படம்தான் முகப்பில் போயிற்று.

டீச்சர் விஷயம் நேர் எதிர். கையைத் தொங்கவிட்டு, தாடையை இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பழைய ஸ்டுடியோக் காலத்து நிற்றல் அது. அந்தக் காலத்து 120 அளவு பிலிம் ரோலில் சதுரப் படமென்றால் 12தான். ஒன்று வீணானாலும் காசு. “தாவாக்கட்டையைத் தூக்குங்க, அசையாதீங்க, ரெடி” என்று அதட்டிய ஸ்டுடியோக்காரர்களிடம் பழகிய தலைமுறை வேறெப்படி நிற்கும்? அந்தக் கருப்பு வெள்ளை பிலிமைச் செய்ததும் நம் மலைதான். 1960இல் அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஊட்டியில் இருந்தது, ‘இந்து’ பிலிம் அங்கிருந்து வந்தது. ஆலை மூடிவிட்டது, இந்து நகர் என்ற பெயர் மட்டும் பஸ் போர்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. டீச்சரிடம் இதைச் சொல்ல, அந்த ஆலைக்குப் பிள்ளைகளை ஒரு தடவை கூட்டிப்போன கதையை அவர் ஆரம்பித்தார். பேசும்போது நன்றாகத்தான் இருந்தார். கேமராவைத் தூக்கினதும் வாய் மூடிவிட்டது.

“இயல்பா இருங்க” என்று சொல்வதில் பயனில்லை. எது இயல்பு என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால், “டீச்சர், ஒரு அட்டெண்டன்ஸ் எடுங்களேன். எந்த வருஷத்து வகுப்பு ஞாபகம் இருக்கோ, அந்த வகுப்பு” என்றேன். சிரித்துவிட்டு ஆரம்பித்தார். மூன்றாவது பெயருக்கே தாடை தானாக நிமிர்ந்தது. கண் என்னை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் இருந்த செடி வரிசைகளின் மேல் ஒவ்வொன்றாகப் போயிற்று. ஒரு பெயரில் நின்று, “இவன் என்னைக்கு வந்தான்!” என்று புருவத்தைத் தூக்கினார். விரல் மூக்குக்கண்ணாடிக்குப் போனது. அரக்குச் சேலையின் கரை தோளில் நேராக விழுந்து கிடந்தது. அதை அப்படியே தொடர்ச்சியாக எடுத்தேன். தாடைக்கு மட்டும் நடுவில் ஒரு தடவை, “நெற்றியை என் பக்கம் கொண்டாங்க டீச்சர்” என்றேன். தாடையை நீட்டு என்றால் மூக்கும் சேர்ந்து மேலே போகும். நெற்றியை முன்னால் கொண்டுவரச் சொன்னால் கழுத்து நீளும், தாடைக் கோடு தெளிவாகும், முகமும் கெடாது.

இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. நாம் சில படங்கள் எடுத்துவிட்டு ஸ்கிரீனைக் குனிந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, பேசாமல் பட்டனை அமுக்குகிறோம். மேகம் மாறியிருக்கும், எக்ஸ்போஷர் சரிசெய்துகொண்டிருப்போம். எதிரே நிற்பவர் என்ன நினைப்பார்? நாம் நன்றாக வரவில்லை போலிருக்கிறது என்றுதான். அதனால் அந்த நேரத்தில் நான் வாயை மூடுவதில்லை. “வெளிச்சம் குறைஞ்சிடுச்சு, நான் செட்டிங் மாத்துறேன், நீங்க கையை இறக்கிக்குங்க.” நன்றாக வந்த ஒன்றை அவ்வப்போது காட்டவும் செய்வேன், ஆனால் எல்லாவற்றையும் காட்ட மாட்டேன். ஒவ்வொன்றாகப் பார்க்க விட்டால் அவர்களே தங்கள் மூக்கையும் பல்லையும் திருத்த ஆரம்பிப்பார்கள். பாராட்டுவதாக இருந்தால் கரை விழுந்திருக்கும் விதத்தை, கை இருக்கும் இடத்தை, திரும்பிய கோணத்தைச் சொல்லலாம். உடம்பைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், நல்ல சொல்லாக இருந்தாலும்.

சாயங்காலம் கிளம்பும் முன்பே இருவருக்கும் பணம் கொடுத்தாயிற்று. ஒரு பக்கத்தில் தமிழிலேயே ஒப்புதல் கடிதம். இந்தச் சேலைக் கடையின் இணையப் பக்கத்துக்கும் நோட்டீஸுக்கும் மட்டும், ஒரு வருடத்துக்கு, வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது. கையெழுத்து வாங்கி, ஆளுக்கொரு பிரதி. அந்தக் கடிதத்திலேயே ஒரு வரி, வெளியிடும் முன் மாடல் வேண்டாம் என்று சொல்லும் படத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்று. நண்பருக்கு அந்த வரி பிடிக்கவில்லை, ஆனாலும் போட்டேன்.

எடிட்டிங்கில் அவருக்கும் எனக்கும் கொஞ்சம் இழுபறி. “ரெண்டு பேரும் கொஞ்சம் பளிச்சுனு இருந்தா நல்லாருக்குமுங்க” என்றார். பளிச் என்றால் என்ன அர்த்தம் என்று நம் ஊரில் கேட்க வேண்டியதில்லை. மாநிறத்தை வெளுக்க வைக்கும் வேலையை நான் செய்வதில்லை. அதைக் கொள்கையாகச் சொல்லியிருந்தால் அவர் வேறு ஆளைப் பார்த்திருப்பார். அதனால் அரக்குச் சேலைப் படம் ஒன்றை எடுத்து, அவர் கேட்டபடி முழுப் படத்துக்கும் மிட்டோனை, அதாவது நடுத்தர வெளிச்சத்தை, தூக்கி ஒரு பிரதி, தூக்காமல் ஒரு பிரதி என இரண்டையும் அவர் போனுக்கே அனுப்பினேன். பக்கத்தில் அதே சேலையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். தூக்கிய படத்தில் அரக்கு வெளிறி ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது. நிறம் வேறு என்று சேலை திரும்பி வந்தால் கூரியர் செலவு அவருடையது. முகத்தை மட்டும் தனியாக வெட்டிக் கூட்டலாமே என்று ஒரு கேள்வி வந்தது. கூட்டினால் கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம் என்றேன். விட்டுவிட்டார்.

படங்களைப் பார்த்த டீச்சர் ஒன்றே ஒன்றை வேண்டாம் என்றார். அட்டெண்டன்ஸில் புருவத்தைத் தூக்கியது, வாய் பாதி திறந்திருந்தது. நண்பருக்கு மொத்தத்தில் மிகவும் பிடித்ததும் அதுதான். கடிதத்தில் அந்த வரி இருந்ததால் பேச்சு வளரவில்லை, எடுத்துவிட்டேன். அவருக்கு இன்னும் ஆற்றாமைதான். சித்திரை விற்பனைக்கும் டீச்சரையே கேட்டுச் சொல்லுங்கள் என்று இப்போதே நச்சரிக்கிறார். கேட்டேன். சரிவில்லாத இடமாக இருந்தால் வருகிறேன், முட்டி ஒத்துழைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். வெலிங்டன் பக்கம் ஒரு பழைய பங்களாவின் வராண்டா இருக்கிறது. வெளிச்சம் வடக்கிலிருந்து வருகிறது. பாத்ரூம் தாழ்ப்பாளை இன்னும் போய்ப் பார்க்கவில்லை.